பந்தய வண்டி இப்போது வேண்டாம், பாப்பா

காட்பாடி

அன்புள்ள பாப்பாவுக்கு,

மலையிலிருந்து இறங்கி ஓட்டுகிற டவுன்ஹில் சைக்கிள் வாங்க நீ அனுப்பியிருந்த இரண்டு வண்டிகளின் விவரத்தையும் கண்ணாடி போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். ஒன்று மூவாயிரத்துச் சொச்சம் யூரோ, இன்னொன்று பந்தய வண்டி, எட்டாயிரத்துக்கு மேல். "எது வாங்கட்டும்பா, ஒரே வார்த்தையில சொல்லு" என்று கேட்டிருக்கிறாய். சின்னதை, அதாவது விலை குறைந்ததை, வாங்கு. ஆனால் இதை மட்டும் சொல்லி நிறுத்தினால், அப்பா காசுக்குப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொள்வாய். சம்பாதிக்கிறவள் நீ, செலவழிக்கிறவளும் நீ. எனக்கு இதில் காசு விஷயமே இல்லை. போனில் சொன்னால் பாதியில் "மீட்டிங் இருக்கு" என்பாய், அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு, "மலையிலிருந்து குதிக்கிற சைக்கிளே வேண்டாம்னு எழுதுங்க" என்கிறாள். அவள் சொன்னதை எழுதிவிட்டேன். இனி நம் பேச்சு.

போன வருடம் நாங்கள் மியூனிக் வந்திருந்தபோது ஆஸ்திரியாவில் இருக்கிற லியோகாங் சைக்கிள் மலைக்குக் கூட்டிக்கொண்டு போனாயே, அங்கே உன் வாடகை வண்டியையும் உன் சிநேகிதனின் பந்தய வண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, கையால் அமுக்கிப் பார்த்தேன், தூக்கிப் பார்த்தேன், சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்தேன். ஏறி ஓட்டவில்லை, அந்த வயதும் இல்லை. ஆனால் ஓட்டிவிட்டு வந்து நீ சொன்னதுதான் எனக்கு முக்கியமான தகவல். "அவன் வண்டி மெதுவா போகும்போது கட்டை மாதிரி இருக்கு, கை நோவுது. வேகமா போற இடத்துல மட்டும் சாதுவா இருக்கு" என்றாய். நீ விளையாட்டாகச் சொன்னாய். அந்த இரண்டு வண்டிக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க அதற்குள்தான் இருக்கிறது.

முதலில் வித்தியாசம் இல்லாத இடங்களைச் சொல்லிவிடுகிறேன். நீ அனுப்பிய இரண்டிலும் முன் சக்கரத்தைப் பிடித்திருக்கிற போர்க் 200 மில்லிமீட்டர் அமுங்கும். இரண்டிலும் போர்க்கின் சாய்வு 63 டிகிரியை ஒட்டித்தான். தெருவில் ஓடுகிற சைக்கிளில் இது எழுபதுக்குப் பக்கத்தில் இருக்கும். எண் குறைந்தால் சாய்வு அதிகம் என்று அர்த்தம். சாய்வு கூடக்கூட முன் சக்கரம் உன்னைவிட்டு முன்னால் தள்ளிப் போகும். செங்குத்தான இறக்கத்தில் ஹேண்டில் பாருக்கு மேலே தூக்கி எறியப்படாமல் இருக்க அதுதான் காப்பு. இறங்கும்போது வண்டி தரும் தைரியத்தில் பாதிக்குமேல் இந்த அளவுகளில் இருந்து வருகிறது. அதற்குத் தனி விலை கிடையாது. குழாயை எந்தக் கோணத்தில் பற்றவைத்தாலும் கூலி ஒன்றுதானே.

கார்பன் பிரேம் என்று அந்தப் பெரிய வண்டியின் விவரத்தில் மேலேயே போட்டிருக்கிறார்கள். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் 2018இல் டவுன்ஹில் உலகக் கோப்பைத் தொடரின் மொத்தப் பட்டத்தை வென்ற பிரெஞ்சுப் பையன் அமோரி பியரோன் ஓட்டியது கமென்சால் கம்பெனியின் அலுமினியப் பிரேம். அப்படியிருக்க, அலுமினியம் என்பதற்காக உன்னை யாரும் கேலி செய்ய முடியாது. எடையும் அப்படித்தான். பந்தய வண்டி பதினாறு கிலோ வரும், சின்னது பதினேழு பதினெட்டு. மேலே ஏற்றிவிட லிப்ட் இருக்கிறது, நீ மிதித்துக்கொண்டு ஏறப் போவதில்லை. வண்டி தரையை விட்டுத் துள்ளாமல் இருக்கட்டும் என்று பெடல் அச்சுக்குப் பக்கத்தில் வேண்டுமென்றே எடை கட்டுகிற பந்தயக்காரர்களே இருக்கிறார்கள். ஒரு பக்கம் கிராம் கணக்கில் குறைக்கக் காசு கொடுத்து, இன்னொரு பக்கம் ஈயத்தை ஒட்டுவது எனக்குச் சிரிப்பாகத்தான் இருக்கிறது.

கியர் விஷயத்துக்கு உன் லியோகாங்கே சாட்சி. அங்கே நடந்த 2015 உலகக் கோப்பைப் போட்டியில் அமெரிக்க வீரர் ஆரன் க்வின் புறப்பட்ட கையோடு அவர் வண்டியின் செயின் அறுந்துவிட்டது. அவர் நிற்கவில்லை. மிதிக்கவே வழியில்லாமல் கீழே வரைக்கும் இறங்கி, அந்தப் போட்டியை ஜெயித்தும் விட்டார். செயினே இல்லாமல் உலகக் கோப்பை ஜெயிக்க முடிகிற விளையாட்டில், நீ விலை உயர்ந்த கியர் செட்டுக்குக் காசு கொட்ட வேண்டுமா? பின்னால் ஏழு பல்சக்கரம் இருந்தால் தாராளம். பந்தய வண்டியிலேயே பெரும்பாலும் அவ்வளவுதான்.

அப்புறம் காசு எங்கே போகிறது? முக்கியமாக ஸ்பிரிங்கின் துள்ளலை எண்ணெயால் அடக்குகிற டாம்பருக்குள் போகிறது. நம் கடையில் பைக் போர்க்கைப் பிரித்து ஆயில் சீல் மாற்றும்போது நீ பக்கத்தில் உட்கார்ந்து எண்ணெயைப் பிடித்திருக்கிறாய், அதனால் உனக்கு இது புரியும். ஸ்பிரிங் தாங்குவதற்கு, டாம்பர் அடக்குவதற்கு. ஆஸ்பத்திரி சிரிஞ்சில் தண்ணீரை மெல்லத் தள்ளினால் சுலபமாகப் போகும், வேகமாகத் தள்ளினால் முட்டிக்கொண்டு எதிர்க்கும். ஒரே ஒரு துளை மட்டும் உள்ள மலிவான டாம்பர் அப்படித்தான் வேலை செய்யும். கூர்மையான கல்லில் வேகமாக மோதும்போது எண்ணெய் போக வழியில்லாமல் திணறும், அடி நேராக உள்ளங்கைக்கு வரும். நல்ல டாம்பரில் துளைகளை மூடியபடி மெல்லிய வட்டத் தகடுகள் அடுக்கியிருக்கும். அழுத்தம் கூடும்போது அவை வளைந்து வழிவிடும். மெதுவான அசைவுக்கு ஒரு வழி, திடீர் அடிக்கு வேறு வழி. வெளியே இருக்கும் திருகுகளும் இரண்டுக்கும் தனித்தனியாக இருக்கும்.

இன்னொன்று, திரும்பி எழும் வேகம். கல்லும் வேரும் அடுத்தடுத்து வருகிற இடத்தில், ஒரு அடி வாங்கிய போர்க் முழுக்க எழுவதற்குள் அடுத்தது வந்துவிட்டால், அது கொஞ்சம் கொஞ்சமாகக் கீழேயே தங்கிவிடும். 200 இருந்த இடத்தில் கடைசியில் எண்பதுதான் மிச்சம் என்கிற மாதிரி ஆகிவிடும். ஓட்டுகிறவருக்கு வண்டி திடீரென்று இறுகிப்போன மாதிரி தெரியும். திரும்பி எழும் வேகத்தை அமைக்கிற ரீபவுண்ட் திருகை இரண்டு கிளிக் திறந்துவிட்டாலே பாதி சரியாகும். வாடகை வண்டியில் இதை யாரும் தொடுவதில்லை. போன வருடம் உன்னுடையதில் அந்தத் திருகு கடைசி வரை இறுக்கிக் கிடந்தது, நான்தான் திறந்துவிட்டேன். "வண்டி நல்லா இருக்குப்பா" என்று மத்தியானம் நீ சொன்னதற்குக் காரணம் அதுதான்.

இப்போது உன் சிநேகிதன் வண்டி ஏன் கட்டையாக இருந்தது என்று பார். பந்தயக்காரர் மூன்று நான்கு நிமிடத்தில் கீழே வந்துவிடுவார். அவர் வேகத்துக்கு ஒவ்வொரு கல்லும் சம்மட்டி அடி. அதைத் தாங்க ஸ்பிரிங்கைக் கடினமாகப் போட்டு, டாம்பரையும் இறுக்கமாக வைப்பார்கள். அந்த வேகத்தில் போனால்தான் அந்தத் தகடுகள் வளையும், வண்டி மிருதுவாகும். நீ போகிற வேகத்தில் அவை வளையவே வளையாது. போதாததற்கு அவன் உன்னைவிட முப்பது கிலோ கூட இருப்பான், ஸ்பிரிங் அவன் எடைக்குப் போட்டது. எட்டாயிரம் கொடுத்து வாங்கினாலும், உன் வேகத்துக்கு அது சின்ன வண்டியைவிட மோசமாகத்தான் ஓடும். பந்தய வண்டி கெட்ட வண்டி என்று சொல்லவில்லை. நீ அந்த வேகத்துக்கு வரும் வரை அது உனக்கான வண்டி இல்லை.

பட்டம் ஜெயித்த வண்டியும் அதே பெயரில் கடையில்லாமல் மலிவாகக் கிடைப்பதும் ஒன்றுதான் என்று உன் சிநேகிதன் க்வின் கதையைச் சொல்லி உன்னை வேறு பக்கம் இழுப்பான், எனக்குத் தெரியும். 2016இல் அவர் பெரிய கம்பெனியை விட்டு, கடை வைக்காமல் நேரடியாக விற்கிற ஒய்டி கம்பெனிக்குப் போனார், அந்த வருடமும் 2017இலும் மொத்தப் பட்டத்தை ஜெயித்தார். உண்மைதான். ஆனால் அவர் ஓட்டிய டியூஸ் என்கிற வண்டி, கார்பன் பிரேமும் பொறுக்கியெடுத்த பாகங்களும் அவருக்கென்று அமைத்த சஸ்பென்ஷனும் கொண்டது. அதே பெயரில் குறைந்த விலைக்கு வருவதன் உள்ளே இருப்பது வேறு. பிரேம் அளவுகள்தான் பொது. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, நல்ல அளவில் செய்த பிரேம் கையில் இருந்தால் மற்றதைப் பிறகு ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாம் என்பதைத்தான். ராக்ஷாக்ஸ் கம்பெனியின் பாக்ஸர் என்கிற போர்க்கே மலிவு, நடுத்தரம், உயர்ந்தது என்று வருகிறது. உள்ளே இருக்கும் டாம்பரை மட்டும் பின்னால் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்.

சின்ன வண்டியில் விட்டுக்கொடுக்கக் கூடாத இடங்களும் உண்டு. டயர்தான் முதல். விலையைக் குறைக்கக் கம்பெனிக்காரன் முதலில் கை வைப்பது அதில்தான். பக்கவாட்டுச் சுவர் மெலிந்ததாக, ரப்பர் கடினமானதாகப் போட்டுவிடுவான். கடின ரப்பர் சீக்கிரம் தேயாது, ஆனால் ஈரமான வேரில் பிடிக்காது. ஆல்ப்ஸில் எந்த நாள் மழை இல்லை? இரட்டைச் சுவர் வைத்த டயர் ஒன்று ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும், தூக்கும்போதே தெரியும். வண்டி வந்த அன்றே பழையதைக் கழற்றிவிட்டு அப்படி இரண்டு வாங்கிப் போடு. அந்தக் காசில் கிடைக்கிற வித்தியாசத்தை எந்தக் கார்பனும் தராது.

அடுத்தது பிரேக். டிஸ்க்கைக் கவ்வுகிற காலிப்பரில் நான்கு பிஸ்டன், டிஸ்க் 200 மில்லிமீட்டர், அதற்குக் குறைந்தால் வேண்டாம். பந்தயக்காரர் இறங்குவது கொஞ்ச நேரம், பிரேக்கைத் தொடுவதும் அளந்துதான். உன்னைப் போல ஓட்டுகிறவர்கள் மேலிருந்து கீழே வரை பிடித்துக்கொண்டே வருவீர்கள், அதனால் உங்கள் பிரேக்தான் அதிகம் சுடும். இங்கே ஞாயிற்றுக்கிழமை ஏலகிரிக்குப் போகிற பையன்கள் பதினான்கு கொண்டை ஊசி வளைவையும் பிரேக் பிடித்தபடியே இறங்கிவிட்டு, திங்கள்கிழமை கட்டை கருகிப்போய் கடைக்கு வருகிறார்கள். நேரான இடத்தில் விட்டுவிட்டு, வளைவுக்கு முன்னால் ஒரே அழுத்தாக அழுத்தச் சொன்னால் கேட்பதில்லை. நீயாவது கேள்.

அந்தப் பையன்கள் கொண்டுவருகிற சைக்கிளையும் சொல்ல வேண்டும். பைக் மாதிரி மேலும் கீழும் இரண்டு கிரவுன் (குழாய்களைப் பிடிக்கிற தட்டு) வைத்த போர்க், நடுவில் சிவப்பு ஸ்பிரிங், பக்கத்தில் டவுன்ஹில் என்று ஸ்டிக்கர். உள்ளே எண்ணெய் ஒரு சொட்டு கிடையாது, வெறும் ஸ்பிரிங். அமுக்கினால் பந்து போல எகிறும். மலிவில் நான் வேண்டாம் என்பது இதைத்தான். நீ பார்த்திருக்கிற மூவாயிரம் யூரோ வண்டி அந்த ஜாதி இல்லை. அது உண்மையான டவுன்ஹில் வண்டி, பாகங்கள் மட்டும் எளிமையானவை.

பந்தய வண்டியைப் பராமரிப்பதும் லேசு இல்லை. ஒவ்வொரு அணிக்கும் கூடவே மெக்கானிக் இருப்பார், சாயந்திரம் ஆனால் பிரித்துக் கழுவிப் பூட்டுவார். உனக்கு யார் இருக்கிறார்கள், நான் இங்கே இருக்கிறேன். ராக்ஷாக்ஸ் போர்க்கின் கீழ்க்குழாயை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கழற்றி, துடைத்து, புது எண்ணெய் விடச் சொல்கிறது கம்பெனி. சின்ன வண்டிக்கும் இது உண்டு, அதை நீயே செய்யலாம். ரிம்மில் கோட்டம் வந்தால் அதையும் நீயே எடுத்துவிடுவாய். பத்தாவது படிக்கும்போதே எடுத்தவள்தானே.

எல்லாவற்றிலும் மலிவான, எல்லாவற்றிலும் பலன் தருகிற வேலை ஒன்று இருக்கிறது. பின் ஷாக்கில் கம்பெனி போடுகிற ஸ்பிரிங் நடுத்தர எடையுள்ள ஆண்பிள்ளைக்கானது. உன் எடைக்கு அது அமுங்காது. 200 மில்லிமீட்டருக்குக் காசு கொடுத்துவிட்டு நூற்றைம்பதில் ஓட்டிக்கொண்டிருப்பாய். ஹெல்மெட், முட்டிக் காப்பு எல்லாம் மாட்டிக்கொண்டு, பெடலில் எழுந்து நின்றால் ஷாக் தன் நீளத்தில் சுமார் முப்பது சதவீதம் இறங்க வேண்டும். நீளம் என்றால் அது அமுங்குகிற அளவு, முழு ஷாக்கின் நீளம் இல்லை. இறங்கவில்லையா, ஒரு படி மிருதுவான ஸ்பிரிங் வாங்கு. முன்னால் காற்று போர்க் என்பதால் பம்ப்பை வைத்தே குறைத்துக்கொள்ளலாம்.

ஆக, சின்ன வண்டி, இரண்டு நல்ல டயர், உன் எடைக்கு ஒரு ஸ்பிரிங், உலோகப் பிரேக் பேட். மிச்சக் காசில் கழுத்து வரை மூடுகிற நல்ல ஹெல்மெட்டும் முதுகுக் காப்பும். ஒரு சீசன் முழுக்க ஓட்டிப் பார். போர்க் அடிக்கடி முட்டுகிறது, வேகமான இடத்தில் கை நிற்க மாட்டேன் என்கிறது என்று நீயே சொல்லும் நாளில் டாம்பரை மாற்றுவோம். பந்தய வண்டியைப் பற்றி அப்போது பேசலாம்.

வண்டி வந்ததும் பின் ஸ்பிரிங்கின் மேல் எழுதியிருக்கும் இரண்டு எண்களையும் படம் எடுத்து அனுப்பு. ஒன்று கடினம், இன்னொன்று நீளம். எல்லாக் காப்பும் மாட்டிக்கொண்டு எடை பார்த்து அதையும் எழுது, குறைத்துச் சொல்லாதே. எந்த ஸ்பிரிங் என்று நான் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா