கடனைக் கேட்காத கணக்கெடுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மத்திய அரசின் நிதி ஆயோக் அமைப்பு உடல்நலம், படிப்பு, வாழ்க்கை வசதி என்று 12 அளவுகோல்களை வைத்து ஏழைகளைக் கணக்கிடும் பன்முக வறுமைக் குறியீட்டில் தமிழ்நாட்டின் ஏழைகள் 2015-16ல் 4.76 சதவீதம், 2019-21ல் 2.20 சதவீதம். இதைப் பொய்க் கணக்கு என்று நான் சொல்லமாட்டேன். கூரை வீடுகள் குறைந்ததை எங்கள் தெருவிலேயே கண்ணால் பார்த்தவள் நான். ஆனால் அந்த 12 அளவுகோல்களில் கடனைப் பற்றி ஒன்றுகூட இல்லை என்பதுதான் என் மனக்குறை.

பக்கத்து வீட்டு அக்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். கணவர் இல்லை, பேத்தியோடு இருக்கிறார். அரசு இலவசமாகக் கொடுத்த கலர் டிவி இருக்கிறது. பேத்திக்குப் பதினொன்றாம் வகுப்பில் கொடுத்த சைக்கிளும் இருக்கிறது. டிவி, ரேடியோ, போன், சைக்கிள், பைக் என்று போகும் அந்தக் குறியீட்டின் பட்டியலில் இரண்டு இருந்தாலே சொத்து விஷயத்தில் அந்த வீடு தேறிவிடும். நூறு நாள் வேலைக் கூலி வங்கியில்தான் ஏறும், அதனால் பாஸ்புக்கும் உண்டு. கரண்டும் உண்டு. அந்த அளவுகோல்களிலும் வீடு தேறிவிடும். காதில் கம்மல் மட்டும் இல்லை. துளை தூர்ந்துவிடாமல் இருக்க வேப்பங்குச்சி செருகியிருக்கிறார். கம்மல் அடகுக் கடைக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது. செவ்வாய்க்கிழமை ஒரு கடன் குழுவுக்குத் தவணை, வெள்ளிக்கிழமை இன்னொரு குழுவுக்கு. திங்கட்கிழமை ராத்திரி ஆனால் ஐநூறு ரூபாய் கைமாற்றுக் கேட்டு வாசல் வாசலாக நிற்பார். இது வறுமை இல்லையென்றால் வேறென்ன?

மகளிர் குழுவில் ஊக்குநராக இருந்தவள் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். கிராமத்து ஏழைகளுக்கான மாநில அரசின் புது வாழ்வுத் திட்டம் வந்தபோது எங்கள் ஊரில் மக்கள் நிலை ஆய்வு நடந்தது. கோலமாவால் தெருவிலேயே ஊர்ப்படம் போட்டு, எந்த வீடு மிகவும் ஏழை, எது ஏழை என்று எல்லாரும் உட்கார்ந்து பிரித்தோம். "அந்த வீட்ல ராத்திரி அடுப்பு எரிஞ்சு நாளாச்சு" என்று ஒரு பாட்டி சொன்னதும், நாங்கள் விட்டிருந்த குடும்பம் பட்டியலில் ஏறியது. வேண்டியவர்களைச் சேர்க்கப் பார்த்தவர்களும் இருந்தார்கள்தான். கிராம சபையில் பட்டியலைச் சத்தமாகப் படித்தபோது அந்தப் பெயர்கள் அடிபட்டுப் போயின.

அடுத்த கணக்கெடுப்பில் வட்டிக் கடன் எவ்வளவு, வாரத் தவணை எத்தனை, நகை அடகில் இருக்கிறதா என்று மூன்று கேள்விகளைச் சேருங்கள். இருக்கிற பொருள் வாங்கியதா, இலவசமாக வந்ததா என்றும் கேளுங்கள். மாநில அரசு ஏழைக் குடும்பங்களைத் தேடி எடுக்கும்போது, பட்டியலைக் கிராம சபையில் படித்துக் காட்டிவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் மகளிர் குழு ஊக்குநர்,
போளூர் வட்டம், திருவண்ணாமலை மாவட்டம்.