பனியன் கம்பெனியிலிருந்து மென்பொருள் சோதனைக்கு: ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனையாளராகச் சேர்ந்த எனக்குத் தகுதிகாண் பருவம் முடிந்து, இம்மாதம் நிரந்தரப் பணியாணை வந்திருக்கிறது. பேராவூரணிப் பக்கத்திலிருந்து கிளம்பி, டிடிபி கடை, கூரியர் அலுவலகம், திருப்பூர் பனியன் கம்பெனி என்று சுற்றிய ஒருவனுக்கு இது தானாக அமைந்துவிடவில்லை. ஆகவே காரணமானவர்களுக்குப் பொதுவில் நன்றி சொல்வதே முறை. பெயர் போடவேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டார்கள். அவரவர் தம்மை அடையாளம் கண்டுகொள்வார்கள்.

முதல் நன்றி, திருப்பூரில் செக்கிங் பிரிவில் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அக்காவுக்கு. பனியனை மேசையில் விரித்ததும் கண் போன போக்கில் பார்க்காமல், கழுத்து, தோள், கை, பக்கத் தையல், அடிமடிப்பு என்று ஒரே வரிசையில் பார்க்க வேண்டும் என்பதும், எண்ணெய்க் கறையோ ஊசி ஓட்டையோ தென்பட்டால் வெறுமனே ஒதுக்கிவிடாமல் எந்த மெஷினிலிருந்து வந்தது என்று தேடிப் போய்ச் சொல்ல வேண்டும் என்பதும் அவர் ஏற்படுத்திய பழக்கம். இன்று பிழை அறிக்கை எழுதும்போது நான் செய்வதும் ஏறக்குறைய அதுவேதான். உட்கார நாற்காலி கிடைத்திருப்பதுதான் வித்தியாசம்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல் எங்கள் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனபோது, கேள்வி கேட்காமல் விடுப்புக் கொடுத்த மேற்பார்வையாளருக்கும், ஊரில் என்னைச் சேர்த்துக்கொண்ட நிவாரணக் குழுவினருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். லாரிகள் சாலையோர ஊர்களிலேயே காலியாகிவிட, உள்ளடங்கிய குடியிருப்புகளுக்குத் தார்ப்பாய்கூடப் போய்ச் சேராமல் இருந்தது. எங்கே என்ன போயிற்று, இன்னும் என்ன வேண்டும் என்று விரிதாளில் ஏற்றும் வேலை, டிடிபி தெரிந்தவன் என்பதால், என்னிடம் வந்தது. ஒரே ஊரின் பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதி அனுப்பியதால் பட்டியலில் அது பல ஊர்களாகப் பெருகியிருந்ததை, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து தெரு தெருவாகச் சொல்லித் திருத்திக் கொடுத்தார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த சென்னை நண்பர்தான், இப்படிப் பிழை தேடுவதையே சம்பளத்துக்குச் செய்யும் வேலை ஒன்று உண்டு என்று முதன்முதலாக எனக்குச் சொன்னவர்.

அவர் கைகாட்டிய இடம், பழைய நூல்களைத் தன்னார்வலர்கள் கூடித் திருத்தி இணையத்தில் ஏற்றும் தமிழ் விக்கிமூலம். வருடிய (ஸ்கேன் செய்த) பழைய நூல்களை எழுத்துணரி (படத்திலுள்ள எழுத்துகளைப் படித்தெடுக்கும் மென்பொருள்) படித்துத் தரும் பாடத்தில் துணைக்காலுக்குப் (ா) பதில் ரகரமும், ரகரத்துக்குப் பதில் காலும் வந்து நிற்கும். மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தியதும் பக்கம் மஞ்சள் நிறமாகும், வேறொருவர் மறுபடியும் சரிபார்த்த பிறகே பச்சையாகும். என் மஞ்சள் பக்கங்களைப் பொறுமையாகப் பச்சையாக்கியவர்களுக்கும், தமிழிலேயே மென்பொருள் கட்டுரைகளை இலவசமாகப் படிக்கத் தந்த கணியம் குழுவினருக்கும் என் நன்றி உரியது. வேலை உறுதி என்று சொல்லிப் பெருந்தொகை கேட்ட பயிற்சி மையங்களைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை.

நேர்முகத் தேர்வில் ஒரு தேடுபெட்டியைக் காட்டிச் சோதிக்கச் சொன்னார்கள். 'கொல்லன்' என்பதில் ஒகரக் குறியை ஒரே எழுத்துக்குறியாக ஒருமுறையும், எகரக் கொம்பும் காலும் தனித்தனியாக ஒருமுறையும் உள்ளிட்டேன். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தன. ஒன்றுக்கு விடை வந்தது, மற்றதற்கு வரவில்லை. கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரமான ஒருங்குறியில் (யூனிகோடு) இவ்விரு வடிவங்களும் சமமானவை என்பதால், ஒப்பிடும் முன் மென்பொருள் அவற்றை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும் என்று விளக்கினேன். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் விக்கிமூலத்தில் உடன் உழைக்கும் ஒரு நூலகர். இன்றுவரை அவரை நேரில் பார்த்ததில்லை. பட்டப்படிப்பு இடைவெளியையும் பழைய வேலைகளையும் குறையாகக் கருதாமல் இந்த விளக்கத்தைக் கேட்டு முடிவெடுத்த தேர்வுக் குழுவினருக்கும் நன்றி.

இரவு வேலை முடித்து வந்தபின் தொலைபேசியில் என்னோடு ஆங்கிலம் பேசிப் பழக்கிய அத்தை மகளுக்கும், தன் மடிக்கணினியை என்னிடம் கொடுத்துவிட்டுக் கைபேசியிலேயே கல்லூரிப் பாடம் படித்த தங்கைக்கும் தனியே சொல்ல வேண்டும். தங்கைக்குப் புது மடிக்கணினி முதல் சம்பளத்திலேயே வாங்கியாயிற்று. அக்காவுக்குத் திருப்பூர் வந்து நேரில் சொல்கிறேன்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் தம்பி