நூறு மீற்றர் தள்ளி நின்று பார்ப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் திருகோணமலை உப்புவெளியில் 22 வருடமாகத் தையல் கடை வைத்திருப்பவள். பத்திரிகைக்கு இதுவரை எழுதியதில்லை. சென்ற மாதம் கடலில் கண்ட ஒரு காட்சி மனதை விட்டுப் போகவில்லை. திமிங்கிலப் பருவம் முடிவதற்குள் இது உங்கள் வாசகர்களிடம் போய்ச் சேர வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கடற்கரையைத் துப்புரவு செய்யும் சிறு குழுவில் நானும் ஒருத்தி. சங்கம், பதிவு, பதவி எதுவும் எங்களுக்குக் கிடையாது. ஓய்வு பெற்ற ஆசிரியைகள் இருவர், தாதிப் பயிற்சி பெறும் பிள்ளைகள் மூவர், கிண்ணியாவிலிருந்து வரும் தம்பிமார், அனுராதபுரச் சந்தியில் குடியிருக்கும் ஒரு சிங்களக் குடும்பம், அப்புறம் என்னைப் போன்ற கடைக்காரர்கள் சிலர். லன்ச் சீற், யோகட் கோப்பை, தண்ணீர்ப் போத்தல், அறுந்த நைலோன் வலை என்று பொறுக்கி மூட்டை கட்டுவோம். ஒரு வருடம் இப்படிப் போனபின், ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு ஒருநாள் கடலுக்குள் போய்ப் பார்ப்போம் என்று முடிவு செய்தோம். எங்களில் பாதிப் பேர் கரையிலேயே பிறந்து வளர்ந்தும் ஆழ்கடலைக் காணாதவர்கள். போர்க்காலத்தில் கடல் எங்களுக்கு வேலிக்கு அப்பால் இருந்தது. பிறகு 2004இல் சுனாமி வந்தது. அதன்பின் நான் படகில் கால் வைத்ததே இல்லை.

கச்சான் காற்று தொடங்கும் முன் ஒரு ஞாயிறு காலை ஆறு மணிக்கு, பன்னிரண்டு பேர் இரண்டு பைபர் படகுகளில் புறப்பட்டோம். ஏறும்போது எனக்குக் கை நடுங்கியது. உயிர்காப்பு அங்கியின் வாரை இழுத்துப் பூட்டிவிட்ட படகோட்டித் தம்பி, "அக்கா, நடுவில இருங்கோ, ஆட்டம் குறைவாத் தெரியும்" என்றார். அவர் தொழிலுக்குப் போகும் குடும்பத்துப் பிள்ளை. மீன் குறைந்த மாதங்களில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றுகிறார்.

முதலில் வந்தவை ஓங்கில்கள். டொல்பின் என்று பிள்ளைகள் கத்தினார்கள். எங்கள் ஊர்ப் பழைய ஆட்கள் ஓங்கில் என்றுதான் சொல்வார்கள். நூற்றுக்கு மேல் இருக்கும். நீண்ட மூக்கு, முதுகு கறுப்பு, விலா சாம்பல், வயிறு வெள்ளை என்று மூன்று நிறத் துணியை அளவெடுத்து ஒட்டித் தைத்தது போன்ற உடம்பு. ஒன்று தண்ணீருக்கு மேலே எழும்பி, தக்கிளி மாதிரி நாலைந்து தரம் சுழன்று விழுந்தது. ஒரு தாய், குட்டியைத் தன் பக்கத்தோடு ஒட்ட வைத்துக்கொண்டே நீந்தியது. குட்டி மூச்செடுக்க மேலே வரும்போதெல்லாம் தாயும் வந்தது. நான் அந்த இரண்டை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தம்பி இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்து, ஒரே திசையில் மெதுவாக விட்டார். "இதுகள் ராவில ஆழத்திலயிருந்து மேல வாற சின்ன மீனையும் கணவாயையும் தின்னுங்கள். பகல்தான் ஓய்வு. துரத்தினா ஓய்வு கெட்டுப்போகும். அதுகளா வந்தா வரட்டும்" என்றார். வந்தன. படகின் முன்பக்க அலையில் ஆறு ஏழு ஓங்கில்கள் சறுக்கிக்கொண்டு வந்தன. குனிந்தால் முதுகில் உள்ள கீறல்கள்கூடத் தெரிந்தன. அவற்றின் மூச்சுச் சத்தம் சின்னப் பிள்ளை தும்முவது போல இருந்தது.

அதன்பின் அரை மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு தொலைவில் ஒரு வெள்ளைப் புகை இளந்தென்னை உயரத்துக்கு எழுந்து கலைந்தது. நீலத் திமிங்கிலம். உலகத்தில் இதுவரை வாழ்ந்த பிராணிகளிலேயே பெரியது. எங்கள் கடலில் இருப்பவை மற்றச் சமுத்திரங்களில் உள்ளவற்றைவிடக் கொஞ்சம் சிறியவை என்கிறார்கள். அப்படியும் 20 மீற்றரைத் தாண்டும். ஆறு யார்ச் சேலை நாலை முனைக்கு முனை முடிந்து நீட்டினால் வரும் நீளம் அது. நாங்கள் இருந்த படகு அதில் ஒரு சேலை நீளம், அவ்வளவுதான்.

இங்கேதான் நான் சொல்ல வந்தது ஆரம்பிக்கிறது.

அந்தப் புகையைக் கண்டதும் நாலாபக்கமும் இருந்து படகுகள் பாய்ந்து வந்தன. ஒன்பது எண்ணினேன். எல்லாமே முழு வேகத்தில் வந்தன. இரண்டு படகுகள் திமிங்கிலத்தின் முன்னால் குறுக்கே போய் நின்றன. ஒரு படகில் இருந்தவர் குதிக்கத் தயாராக மேற்சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். எங்கள் படகிலும் "கிட்டப் போங்கோ, இன்னும் கிட்ட" என்று சத்தம் போட்டார்கள். நானும் சேர்ந்து சொன்னேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அந்த நேரத்தில் வேறொன்றும் தோன்றவில்லை.

திமிங்கிலம் இரண்டே இரண்டு மூச்சு எடுத்தது. வாலைத் தூக்காமல் அப்படியே அமிழ்ந்து போய்விட்டது. ஒன்பது படகும் அது போன திசையைத் தேடி ஓடின. மறுபடி எழும்பியதும் அதே சூழல், அதே இரைச்சல். இந்தமுறை ஒரே ஒரு மூச்சு. அதைப் பார்த்ததும் எங்கள் குழுவின் ஓய்வு பெற்ற ஆசிரியை, "பாவம், மூச்செடுக்க விடுறாங்களில்லையே" என்றார். படகில் இருந்த எல்லோருக்கும் அது உறைத்தது. திமிங்கிலத்துக்கும் எங்களைப் போல நுரையீரல்தான். ஆழத்தில் பத்து நிமிடம் இரை தேடிவிட்டு மேலே வந்தால், அடுத்த முறை போவதற்கு வேண்டிய மூச்சை ஆறுதலாக, பல தரம் எடுத்தாக வேண்டும். அந்தச் சில நிமிடத்தில்தான் நாங்கள் போய்ச் சூழ்ந்து நிற்கிறோம்.

"தம்பி, நாங்கள் விலகிப் போவமா?" என்று கேட்டேன்.

அவர் முகம் மலர்ந்ததை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். "நீங்கள் சொன்னீங்கள், சரி. மற்ற ஆக்கள் சொல்ல மாட்டினம். கிட்டக் கொண்டுபோகாட்டி காசைக் குறைப்பினம். அடுத்த நாள் வேற படகுக்குப் போயிடுவினம். எங்களுக்கு மட்டும் விருப்பமே?" என்றார்.

இரண்டு படகையும் வெகுதூரம் தள்ளிக் கொண்டுபோய் இயந்திரத்தை நிறுத்தினார்கள். சத்தம் நின்றதும் கடல் எவ்வளவு அமைதியானது என்பதே அப்போதுதான் தெரிந்தது. படகின் அடியில் தண்ணீர் தட்டுவது மட்டும் கேட்டது. கொண்டுபோன பணிசும் பிளேன்டீயும் பகிர்ந்தோம். தாதிப் பிள்ளை ஒருத்தி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது நிமிடத்துக்கு மேல் காத்திருந்தோம்.

அப்புறம் வேறொரு திமிங்கிலம், எங்களுக்கு இடப்பக்கமாக, தானாக எழும்பியது. நூறு மீற்றருக்கு மேல் இருக்கும். நீளப் பயண பஸ் நிற்கும்போது காற்றுப் பிரேக் விடும் சத்தம் தெரியும்தானே, அதைவிடப் பெரிதாக, நெஞ்சில் படுகிற மாதிரி ஒரு மூச்சு. முதுகு கறுப்போ நீலமோ அல்ல. வெயிலில் வெளுத்த டெனிம் துணியில் சாம்பல் தெறித்தது போன்ற புள்ளிகள். அந்த முதுகு உருண்டு உருண்டு போய்க்கொண்டே இருந்தது, முடியவில்லை. கடைசியில்தான் சின்னஞ்சிறு செட்டை தெரிந்தது. இவ்வளவு பெரிய உடம்புக்கு அவ்வளவு சிறிய செட்டை. எட்டு மூச்சு எண்ணினாள் அந்தப் பிள்ளை. எட்டாவதுக்குப் பிறகு முதுகை வளைத்து, வாலை முழுதாகத் தூக்கி, தண்ணீர் ஒழுக ஒழுக நேர்கீழே இறங்கியது. வால் போன இடத்தில் எண்ணெய் ஊற்றியது போல வழுவழுப்பான ஒரு வட்டம் நெடுநேரம் கலையாமல் கிடந்தது. படகில் ஒருவரும் கத்தவில்லை. சிங்களக் குடும்பத்துப் பெரியவர் கைகூப்பினார். கிண்ணியாத் தம்பி மெதுவாக "சுபஹானல்லாஹ்" என்றான்.

விரட்டிப் போய்க் கண்டது இரண்டு மூச்சு. விலகி நின்று கண்டது எட்டு மூச்சும் ஒரு வாலும்.

ஆசிரியர் அவர்களே, இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. கடல்வாழ் பாலூட்டிகளைப் பார்வையிடுவது பற்றி 2012இல் ஒழுங்குவிதிகள் கொண்டுவரப்பட்டன. திமிங்கிலத்துக்கு நூறு மீற்றருக்குள் படகை நெருக்கக் கூடாது. நூறு மீற்றர் எவ்வளவு என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டியில் ஓடிய தூரம்தான். ஆனால் நாங்கள் ஏறிய கரையில் இதைச் சொல்லும் பலகை ஒன்றும் என் கண்ணில் படவில்லை. படகுக் கட்டணம் எழுதிய பலகைகள் மட்டும் இருந்தன. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் படகு ஏறும் இடங்களில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் பெரிய பலகை வைக்க வேண்டும். ஒரு திமிங்கிலத்தின் அருகே ஒரே நேரத்தில் எத்தனை படகு நிற்கலாம் என்பதையும் அதில் எழுத வேண்டும். பருவ காலத்தில், குறைந்தது சனி ஞாயிறிலாவது, வனசீவராசிகள் திணைக்களத்தின் ஒரு படகு கடலில் நிற்க வேண்டும். படகோட்டிகளைப் பிடித்துத் தண்டம் அடிப்பதற்காக இதைக் கேட்கவில்லை. "அந்தா, அவர்கள் நிற்கிறார்கள், கிட்டப் போக ஏலாது" என்று படகோட்டி பயணிகளிடம் சொல்வதற்கு அவருக்கு ஒரு துணை வேண்டும், அதற்காகத்தான்.

பயணிகளாகிய எங்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏறுவதற்கு முன்பே "எட்ட நின்று காட்டினால் போதும்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். காசைக் குறைக்காதீர்கள். தள்ளி நிறுத்திய படகோட்டியின் பெயரை நண்பர்களுக்குச் சொல்லுங்கள். தென்பகுதியில் தெவிநுவரைக்கு அப்பால் உள்ள கப்பல் பாதையில் நீலத் திமிங்கிலங்கள் கப்பல்களில் அடிபட்டு இறப்பதைப் பற்றி ஆய்வாளர்கள் பல வருடம் எச்சரித்து வந்தார்கள். கடைசியில் 2022இல், உலகின் மிகப் பெரிய கொள்கலன் கப்பல் நிறுவனமான எம்எஸ்சி தன் கப்பல்களை இன்னும் தெற்கே தள்ளி ஓட்டத் தொடங்கியது. மலை போன்ற அந்தக் கப்பல்களே மைல் கணக்கில் விலகிப் போகின்றன. பதினெட்டடிப் படகுக்கு நூறு மீற்றர் விலக முடியாதா?

இன்னொன்றும் உண்டு. மற்றச் சமுத்திரங்களில் நீலத் திமிங்கிலங்கள் பல, இரை தேடி துருவக் குளிர்க்கடல் வரைக்கும் போய்வருபவை. எங்களுடையவை அப்படியல்ல. வடஇந்து சமுத்திரத்தின் வெதுவெதுப்பான தண்ணீரிலேயே உண்டு, குட்டி ஈன்று, வருடம் முழுக்க இருக்கின்றன. கலாநிதி ஆஷா டி வொஸ் எங்கள் நாட்டுப் பெண். 2003இல் இலங்கைக் கடலில் திமிங்கிலத்தின் மலம் மிதப்பதைக் கண்டு, இவை இங்கேயே இரை தின்கின்றன என்று ஊகித்து ஆராயத் தொடங்கியவர். அதற்கும் முன்பு, 1980களின் தொடக்கத்தில், டியூலிப் என்ற பாய்ப்படகில் வந்த ஆய்வாளர்கள் எங்கள் திருகோணமலைக் கடலிலும் திமிங்கிலங்களை ஆராய்ந்தார்கள். போர் வந்து அது நின்றுபோனது. கரையிலிருந்து சில கிலோமீற்றரிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு ஆயிரம் மீற்றருக்கு மேல் இறங்குவதால்தான் இவை எங்கள் வாசல் வரைக்கும் வருகின்றன. வந்து போகும் விருந்தாளியைத் துரத்தினால் அது வேறு கரைக்குப் போகும். இவை எங்கே போகும்?

நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவில் என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியும். 2003இல் தேசியப் பூங்காவாக அறிவித்தும், ஆட்கள் முருங்கைக்கல்லில், அதாவது பவளப்பாறையில், ஏறி நின்றே உடைத்தார்கள். அறிவிப்பு மட்டும் எதையும் காப்பாற்றாது என்று அப்போது படித்தோம்.

படகுக்குக் காசு இல்லாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். பங்குனி முதல் ஆவணி வரை கோணேசர் கோவிலுக்குப் போகிறவர்கள், கும்பிட்டு முடிந்ததும் இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவுப் பக்கம் கம்பிவேலியோரம் அரை மணி நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். கடல் ஆடாத காலை நேரம் நல்லது. அவ்வளவு உயரத்தில் இருந்து பார்த்தால் திமிங்கிலத்துக்கு ஒரு தொந்தரவும் இல்லை. பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போகலாம். ஒரு தூரதரிசினி இருந்தால் போதும்.

அந்த ஞாயிறுக்குப் பிறகு அம்மாவை அங்கே கூட்டிப் போனேன். அவருக்கு 74 வயது, முழங்கால் வருத்தம், படகில் ஏற்ற முடியாது. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதல் மூச்சை நான் கண்டு காட்டுவதற்குள் அது கலைந்துவிட்டது. இரண்டாவதுக்கு அவர் வேறு பக்கம் பார்த்துவிட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என் சேலைத் தலைப்பில் துடைத்துப் போட்டுவிட்டேன். மூன்றாவதை அவரே கண்டார். "அங்க பார் பிள்ளை" என்று எனக்குக் காட்டினார்.

இப்படிக்கு,
தையல் கடைக்காரி ஒருத்தி,
உப்புவெளி, திருகோணமலை.