மருமகன் பட்டாளத்துக்குக் கிளம்புகிறான்

அன்புள்ள செல்வராஜுக்கு,

முட்டிவலி குறைந்து நீ பழையபடி நடக்க ஆரம்பித்ததில் நிம்மதி. இங்கே மழையே இல்லை.

தங்கச்சி மகன் அக்னிவீர் ஆகியே தீருவேன், நான்கு ஆண்டுக்கு மட்டும் ஆள் எடுக்கும் அந்தப் பட்டாள வேலைக்குத்தான் போவேன் என்று நிற்கிறான். "உங்க காலத்துல எப்படி மாமா?" என்று கேட்டான். 1989 இல் நாம் ஆள் எடுப்புக்குப் போன கதையைச் சொன்னேன். ராத்திரியே போய் மைதானத்துக்கு வெளியே செய்தித்தாள் விரித்துப் படுத்தது, மார்பளவு எடுக்கும்போது நீ மூச்சை இழுத்துப் பிடித்து முகம் சிவந்து நின்றது, எல்லாம். விழுந்து விழுந்து சிரித்தான்.

அப்போது முதலில் ஓட்டம், பிறகுதான் எழுத்துத் தேர்வு. 2023 முதல் தலைகீழ். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து தேர்வு எழுதித் தேறினால்தான் மைதானமே. 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடிவிடுகிறான், கணக்குதான் இடிக்கிறது. இந்த முறை நம் காலத்தில் இருந்திருந்தால் நான் இன்னும் மாடுதான் மேய்த்துக்கொண்டிருப்பேன்.

எனக்கு உறுத்துவது தேர்வு இல்லை, அந்த நான்கு ஆண்டுதான். நாம் பதினைந்து வருஷத்தை எட்டினால் பென்ஷன் என்ற கணக்கில் பல்லைக் கடித்தோம். இவர்களில் நூற்றுக்கு 25 பேரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு வெளியே போகும்போது மொத்தமாகத் தரும் சேவா நிதி, வட்டியோடு சுமார் 11.71 லட்சம். பென்ஷன் கிடையாது. அந்த நிதியில் பாதி அவரவர் சம்பளத்தில் பிடித்ததுதான். முதல் வருஷம் 30,000 சம்பளம் என்றாலும் கைக்கு வருவது 21,000. பட்டாளத்து மாப்பிள்ளை என்று பெண் கொடுத்த வீடுகள் இனி என்ன கேட்கும் என்று தங்கச்சிக்கு இப்போதே கவலை.

ஆனால் ஆள் எடுக்கும் விதி எந்தக் காலத்தில் நிலையாக இருந்தது? 1880களில் சென்னைப் படைக்குத் தலைவராக இருந்த ராபர்ட்ஸ் துரை, தெற்கத்தியான் சண்டைக்கு லாயக்கில்லை என்று நினைத்தார். மதராஸ் பட்டாளங்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. இரண்டாம் உலகப் போரில் ஆள் போதாமல் போனதும் அதே தெற்கத்தியான் வேண்டியவனாகிவிட்டான். என் தாத்தா அப்படிச் சேர்ந்தவர்தான்.

சரி, உன் அண்ணன் மகன் முதல் தொகுதியில் சேர்ந்தவன்தானே? லீவில் வந்தால் எங்கள் பையனோடு ஒரு தடவை போனில் பேசச் சொல். நான் சொன்னால் கிழவன் புலம்பல் என்கிறான்.

அன்புடன்,
தங்கவேல்