அதிர்ஷ்டக்காரி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் போர்ச் செய்தியாளர் கிளேர் ஹாலிங்வொர்த் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை படித்தது கோபத்தில். வேலைக்குச் சேர்ந்த ஒரே வாரத்தில் உலகப்போர் செய்தி மடியில் வந்து விழுந்த 'அதிர்ஷ்டக்காரி' என்றல்லவா எழுதியிருக்கிறீர்கள்!

1939 ஆகஸ்டில் டெய்லி டெலிகிராப் என்ற பிரிட்டிஷ் நாளிதழில் சேருவதற்கு முன்பே அவர் ஜெர்மன் எல்லைக்கு அருகே, போலந்தின் கத்தோவித்சே நகரில் மாதக்கணக்கில் இருந்தவர். ஹிட்லருக்கு அஞ்சி ஓடிவந்த அகதிகளுக்கு பிரிட்டிஷ் விசா வாங்கிக்கொடுக்க அலைந்தவர். அந்தப் பழக்கத்தில்தான் அங்கிருந்த பிரிட்டிஷ் தூதரக அதிகாரி தன் காரைக் கொடுத்தார். கொடி கட்டிய அந்தக் காரில் கிளேர் தனியாக ஜெர்மனிக்குள் போனார். சாலையோரம் கட்டியிருந்த சாக்குப் படுதாவைக் காற்று தூக்கியபோது, பள்ளத்தாக்கில் டாங்கிகள் வரிசையாக நின்றன. காற்று அடித்தது அதிர்ஷ்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். எல்லை தாண்டிப் போய்வந்ததை அந்த அதிகாரியே நம்பவில்லை. அங்கே வாங்கிய பொருள்களை எடுத்துக் காட்டிய பிறகுதான் நம்பினார். ஆகஸ்ட் 29 அன்று வெளியான அந்தச் செய்தியில் கிளேரின் பெயர்கூட இல்லை.

செப்டம்பர் 1 விடியற்காலையில் போர் தொடங்கிவிட்டது என்று வார்சாவிலிருந்த பிரிட்டிஷ் தூதரகத்துக்குப் போன் செய்தார். மறுமுனையில் நம்பவில்லை. ரிசீவரை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, சத்தத்தைக் கேட்க வைத்தார். முப்பத்தோரு ஆண்டுகள் டிரங்க் கால் என்ற வெளியூர் அழைப்புகளை இணைக்கும் போர்டில் உட்கார்ந்து, "ஹலோ, கேட்கிறதா?" என்று கத்தியே தொண்டையைக் கெடுத்துக்கொண்டவள் நான். இப்படி ஒரு வழி இருப்பது எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

1963இல் பெய்ரூட்டில், சோவியத்துக்கு ரகசியமாக உளவு பார்த்த பிரிட்டிஷ்காரர் கிம் ஃபில்பி மாயமானபோது, சோவியத் கப்பலில் ஏறிப் போய்விட்டார் என்று துப்புத் துலக்கியவரும் இவரே. அவதூறு வழக்கு வருமோ என்று பயந்து, கார்டியன் நாளிதழ் அந்தச் செய்தியை மூன்று மாதம் கிடப்பில் போட்டது. அதிர்ஷ்டக்காரிக்கு நடக்கிற காரியமா இது?

இன்னொன்று. அவர் புத்தகங்களும் எழுதியவர். போலந்தின் மூன்று வாரப் போரைப் பற்றி 1940இலேயே ஒன்று. மாவோவையும் அவரது எதிரிகளையும் பற்றி 1985இல் ஒன்று. உங்கள் கட்டுரையில் இவற்றுக்கு ஒரு வரிகூட இல்லை. 2017இல் ஹாங்காங்கில் 105 வயதில் இறந்தார் என்பதை மட்டும் சரியாகப் போட்டிருக்கிறீர்கள். அடுத்த ஞாயிறு இதழில் ஒரு திருத்தம் வெளியிடுவீர்களா?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொலைபேசி ஆபரேட்டர்,
மதுரை.