குளிரில் முறியும் கம்பி

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மகன்,

நேற்று நீ போன் வைத்த பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. நீங்கள் அங்கே கட்டுவது இயற்கை வாயுவைத் திரவமாக்கி வைக்கிற தாங்கி, உள்ளே மைனஸ் 162 பாகை, சுற்றிவரக் கொங்கிறீற்றுச் சுவர். 30 வருஷம் மேசன் வேலை செய்தவன் நான், வெயிலுக்குத் தளம் வெடிக்காமல் நனைந்த சாக்குப் போட்டுத்தான் பழக்கம். அந்தக் குளிருக்குக் கொங்கிறீற்றுப் பொடிந்துபோகும் என்றே நினைத்திருந்தேன். ஈரமுள்ள கொங்கிறீற்று அந்தக் குளிரில் இரண்டு மடங்குக்கு மேலும் பாரம் தாங்கும் என்கிறாய் நீ. நுண்துளைகளில் நிற்கிற தண்ணீர் உறைந்து உள்ளே இன்னொரு கல்லாகிவிடுகிறது என்று சொன்னதும்தான் விளங்கியது.

ஆனாலும் அந்தத் தண்ணீரை நம்பாதே மகன். உறையும்போது அது 9 சதவீதம் பெருக்கும். போன கிழமை அம்மா பிரிட்ஜில் மறந்து வைத்த கண்ணாடிப் போத்தல் அடி கழன்று கிடந்தது. உறைந்து, உருகி, திரும்ப உறைந்தால் வெடிப்பு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நீளும். கலவை இளகட்டும் என்று இங்கே இன்னொரு வாளி ஊற்றுவார்கள், அங்கே யாரையும் ஊற்ற விடாதே. புதிதாகப் போட்டது இறுக முதல் உறைந்துவிட்டால் பிறகு என்ன செய்தாலும் முழுப் பலம் வராது.

எனக்குப் பெரிய பயம் கம்பியில்தான். இங்கே கம்பியைத் தின்பது உப்பு. கடற்கரைப் பக்கம் ஒரு வீட்டுப் பீமைத் தட்டிப் பார்த்தேன், சாந்து பாளமாக விழுந்தது. உள்ளே 12 மில்லிமீற்றர் கம்பி ஈர்க்குப் போல மெலிந்திருந்தது, விரலெல்லாம் துரு. ஆனால் அந்த பீம் பல வருஷமாகக் கறையும் வெடிப்பும் காட்டிக்கொண்டுதான் இருந்தது. கடுங்குளிரில் சாதாரணக் கம்பி ஒன்றும் காட்டாது. வளையாமல் சட்டென்று முறியும். உள்தாங்கிக்கு 9 சதவீதம் நிக்கல் கலந்த உருக்கு என்றாய், சரி. கசிவு வந்தால் குளிர் வெளிச்சுவரில்தானே வந்து நிற்கும்? அந்தச் சுவர்க் கம்பி எந்தக் குளிர்வரை சோதித்தது என்று, லொறி வந்திறங்கும்போது பத்திரத்தை நீயே வாசித்துப் பார். கட்டுகிற இடத்தில் கம்பி மாறிப்போவதை நான் கண்டிருக்கிறேன்.

சோதனைக்கூடத்தில் குளிரவைத்து முறித்த கம்பி இருந்தால், முறிந்த முகத்தைக் கிட்டப் பிடித்து ஒரு படம் எடுத்து அனுப்பு. எனக்கு அதைப் பார்க்க வேணும்.

அன்புடன்,
அப்பா