பழைய கம்ப்யூட்டர், புதிய திரை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய வீட்டுக் கம்ப்யூட்டர்களை இன்றைய டிவியில் இணைப்பது பற்றிய கட்டுரையை உங்கள் நாளிதழில் படித்தேன். மலிவான கன்வெர்ட்டர் பெட்டி ஒன்றை மாட்டினால் போதும் என்று அதில் எழுதியிருந்தார்கள். பிக்சர் டியூப் காலத்திலிருந்து டிவி பழுதுபார்த்து வந்தவன் நான். படம் வரும்தான், ஆனால் எந்த லட்சணத்தில் வரும் என்பதையும் சொல்லியிருக்கலாம்.

1987-இல் வந்த அமிகா 500 என்ற கமடோர் கம்பெனியின் வீட்டுக் கம்ப்யூட்டரையே எடுத்துக்கொள்வோம். படம் முழுவதையும் ஒரே ஒயரில் தரும் அதன் காம்போசிட் சாக்கெட்டில் வருவது வெறும் கருப்பு வெள்ளை. கலர் வேண்டுமென்றால், சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனி ஒயரில் தரும் ஆர்ஜிபி சாக்கெட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கே வழக்கமாக வரும் சிக்னல், வரிகளை இரண்டாகப் பிரிக்காத முழு ஃபிரேம். மலிவுப் பெட்டிகள் பலவும் அதை இன்டர்லேஸ், அதாவது ஒற்றைப்படை வரிகள் ஒரு முறை, இரட்டைப்படை வரிகள் மறுமுறை என்று பிரித்து அனுப்பும் படம் என்று எண்ணி, அடுத்தடுத்த இரண்டு ஃபிரேம்களை ஒன்றாகக் கோத்துவிடும். ஓடுகிற உருவத்தின் ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி தெரியும்.

இத்தனைக்கும் அந்த மெஷினுக்குள் டெனிஸ் என்ற சிப்பிலிருந்து வண்ணம் டிஜிட்டலாகவேதான் வெளியே வருகிறது. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 4 பிட், மொத்தம் 12 பிட், 4,096 வண்ணங்கள். அதை மெஷினின் மெயின் போர்டு அனலாகாக மாற்றுகிறது. நாம் காசு கொடுத்து வாங்கிய பெட்டி திரும்பவும் டிஜிட்டலாக்குகிறது. எதற்கு இந்த வீண் வேலை? டெனிஸைக் கழற்றி, அதன் சாக்கெட்டில் ஆர்ஜிபி-டூ-எச்டிஎம்ஐ போர்டைச் செருகி, அதன்மேல் சிப்பை உட்கார வைத்தால், கூடவே இருக்கும் ராஸ்பெர்ரி பை ஜீரோ என்ற குட்டிக் கம்ப்யூட்டர் அந்த 12 பிட்டையும் நேரடியாகப் படித்து எச்டிஎம்ஐயில் கொடுத்துவிடும். புள்ளி புள்ளியாக அவ்வளவு சுத்தமான படம். பிடிக்கவில்லையா, கழற்றிவிட்டால் மெஷின் பழையபடி ஆகிவிடும்.

அதே கம்பெனியின் இன்னொரு வீட்டுக் கம்ப்யூட்டரான கமடோர் 64-இல் இந்த வழி இல்லை. படம் தரும் அதன் விக்-2 சிப் வெளிச்சத்தையும் நிறத்தையும் அனலாகாகத்தான் தருகிறது. ஆனால் இரண்டும் தனித்தனியாக வருகின்றன. பெரும்பாலான மெஷின்களில் பின்பக்க சாக்கெட்டிலிருந்து அவற்றைத் தனித்தனியாகவே எடுத்து, இந்த வகை சிக்னலைப் புரிந்துகொண்டு டிவி அளவுக்குப் பெரிதாக்கும் நல்ல ஸ்கேலர் பெட்டிக்குக் கொடுத்தால் போதும். மெஷினைத் திறக்கவே வேண்டாம்.

கட்டுரையோடு வந்த படத்தில், எச்டிஎம்ஐ சாக்கெட்டுக்காகப் பெட்டியின் பின்புறம் ஓட்டை போட்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. அமிகா 500-இன் அடியில் மெமரி போடும் மூடி இருக்கிறதே, அது வழியாகக் கேபிளை வெளியே எடுத்துவிடலாமே! அந்தக் காலத்துப் பெட்டியில் ஓட்டை போட்டால் போட்டதுதான்.

இன்னொன்று. கட்டுரை பவர் சப்ளை பற்றி மூச்சே விடவில்லை. கமடோர் 64-உடன் வந்த பழைய அடாப்டர் கெட்டுப்போனால் 5 வோல்ட் லைனில் கூடுதல் வோல்ட்டேஜை அனுப்பி மெமரி சிப்புகளைச் சுட்டுவிடும். படத்தைச் சரிசெய்வதெல்லாம் அப்புறம். முதலில் மீட்டர் வைத்து அந்த லைனைப் பார்க்கச் சொல்லி அடுத்த இதழிலாவது ஒரு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
பழைய டிவி மெக்கானிக் ஒருவர்